ஒண்டுக்குடித்தனமும் துறைமுகப் பெட்டியும்: கன்டெய்னர்களின் வரலாறு

கணினித் துறையில் கன்டெய்னர் என்பது ஒரு நிரலை அதற்கு வேண்டிய லைப்ரரிகள், கோப்புகள், அமைப்புகளோடு சேர்த்துக் கட்டி, மற்ற நிரல்களின் கண்ணில் படாமல் தனியாக ஓடவிடும் முறை. பெயர் துறைமுகத்திலிருந்து வந்தது. ஆனால் துறைமுகத்துப் பெட்டியைத் தட்டினால் சத்தம் கேட்கும். கணினிக்குள் அப்படி ஒரு பெட்டி கிடையாது. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவாகிய கெர்னலின் மூலநிரலைத் துருவிப் பார்த்தாலும் 'கன்டெய்னர்' என்ற தனிப்பொருள் எதுவும் கிடைக்காது. கிடைப்பது வழக்கமான ஒரு புராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல். அதைச் சுற்றிச் சில வேலிகள். அவற்றை வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஆட்கள், தங்கள் தங்கள் தேவைக்காகப் போட்டார்கள். அந்த வேலை 1979-இல் தொடங்கி ஏறத்தாழ 35 ஆண்டுகள் துறைக்கு வெளியே யாரும் அறியாமல் நடந்தது.

முதல் வேலி யூனிக்ஸில் எழுந்தது. 1979-இல் பெல் ஆய்வகத்திலிருந்து வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் 'சிஎச்ரூட்' என்றொரு வசதி சேர்ந்தது. யூனிக்ஸில் எல்லாக் கோப்புகளும் ஒரே வேரிலிருந்து கிளைவிடும் மரம்போல அடுக்கப்பட்டிருக்கும். அந்த வேர் எது என்பதை ஒரு புராசஸுக்கு மட்டும் மாற்றிக் காட்டுவதே சிஎச்ரூட்டின் வேலை. மரத்தின் ஏதோ ஒரு கிளையைக் காட்டி, இதுதான் வேர் என்று சொல்லிவிட்டால், அந்த நிரலுக்கு அதுவே உலகம்.

அதைப் பயன்படுத்திப் பார்த்தவர்களுக்கு ஒரு தொல்லை சீக்கிரமே பழகிப்போனது. வேரை மாற்றியதும் நிரல் ஓடாது. அதற்கு வேண்டிய லைப்ரரி பழைய வேரில் இருக்கும். அதைக் காப்பி எடுத்து வைத்தால், அந்த லைப்ரரிக்கு வேண்டிய இன்னொரு லைப்ரரி இல்லை என்று பிழைச்செய்தி வரும். அதையும் கொண்டுவந்தால் பயனர் பட்டியல் கோப்பு இல்லை. பிறகு நேர மண்டலக் கோப்பு இல்லை. ஒவ்வொன்றாகத் தேடி வைத்து முடிக்கும்போது அந்த அடைவுக்குள் ஒரு குட்டி இயங்குதளமே குடியேறியிருக்கும். வேலி போடுவது ஒரு நிமிட வேலை. உள்ளே இருப்பதற்கு வேண்டிய சாமான்களைச் சேர்ப்பது ஒரு நாள் வேலை. கன்டெய்னர்களின் வரலாற்றில் பலரும் வேலியைத்தான் பேசுகிறார்கள். உண்மையில் எல்லாவற்றையும் நிறுத்திவைத்திருந்தது இந்தச் சாமான் பிரச்சினைதான்.

சிஎச்ரூட் பாதுகாப்புக் கருவியாகப் பிறக்கவில்லை. ரூட் எனப்படும் முழு நிர்வாக அதிகாரம் உள்ள நிரல் அந்த வேலியைத் தாண்டிவிடும். ஆனாலும் 1991-இல் பெல் ஆய்வகத்தின் பில் செஸ்விக், தங்கள் வலையமைப்புக்குள் நுழையப் பார்த்த ஒருவரைப் பிடிக்காமல், இப்படி அடைக்கப்பட்ட ஓர் இடத்தில் உலாவ விட்டு மாதக்கணக்கில் கவனித்தார். அந்த இடத்தை அவர் 'சிறை' என்று குறிப்பிட்டார். 2000 மார்ச்சில் யூனிக்ஸ் வழிவந்த ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் 4.0 பதிப்பு வெளியானபோது அதே சொல் ஒரு முறையான வசதியின் பெயராக வந்தது. பௌல்-ஹென்னிங் காம்ப் எழுதிய 'ஜெயில்' அது. ஒரே சர்வரைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் இணையச்சேவை நிறுவனங்களின் சிக்கலுக்கு விடையாக அது பிறந்தது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ரூட் அதிகாரம் வேண்டும்; ஒருவர் கை மற்றவர் வீட்டுக்குள் நீளக்கூடாது. ஜெயில் ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்பு மரமும், தனி ஐபி முகவரியும், சுவரோடு நின்றுவிடும் ஒரு ரூட்டும் கொடுத்தது. அடுத்த சில ஆண்டுகளில் இதே எண்ணம் லினக்ஸ்-விசர்வராகவும், விர்ச்சுவோசோவாகவும், 2005-இல் சோலாரிஸ் 10-இன் 'ஸோன்'களாகவும் வந்தது.

அப்போது சந்தை வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. 1999-இல் விஎம்வேர் சாதாரணக் கணினியில் விர்ச்சுவல் மெஷினை ஓட்டிக்காட்டியது. 2006-இல் அமேசான் அவற்றை மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டது. விர்ச்சுவல் மெஷின் தனி வீடு மாதிரி: ஒவ்வொன்றுக்கும் சொந்த அஸ்திவாரம், சொந்தக் கெர்னல், சொந்த இயங்குதளம். கன்டெய்னர் நம் ஊர் ஒண்டுக்குடித்தனம். ஒரே கட்டடம், ஒரே கிணறு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிக்கதவு. தனி வீட்டில் பாதுகாப்பு அதிகம். ஆனால் காலியாக இருந்தாலும் இடம் பிடிக்கும், பூட்டைத் திறந்து விளக்கேற்றவே நேரமாகும். ஒண்டுக்குடித்தனத்தில் நெருக்கடி உண்டு. அதே நிலத்தில் பத்து மடங்கு பேரைக் குடிவைக்கலாம். ஒரே கணினியை முழுக்கப் பிழிந்து வேலை வாங்க நினைத்தவர்களுக்கு இரண்டாவது வழியின் மேல்தான் கண் இருந்தது.

லினக்ஸ் கெர்னலுக்குள் சுவர்கள் துண்டு துண்டாகவே எழுந்தன. 2002-இல் 2.4.19 பதிப்பில், ஒரு புராசஸுக்கு மட்டும் தனிப் பார்வை காட்டும் 'நேம்ஸ்பேஸ்' என்ற வசதி கோப்பு அமைப்புக்காக வந்தது. அதைக் குறிக்கும் கொடிக்கு வெறுமனே 'புது நேம்ஸ்பேஸ்' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். இன்னும் பல வகை வரும் என்று அப்போது யாரும் எதிர்பார்க்கவில்லை. பிறகு புராசஸ் எண்களுக்கு ஒன்று, வலையமைப்புக்கு ஒன்று, கணினியின் பெயருக்கு ஒன்று என்று வந்தன. 2013 பிப்ரவரியில் 3.8 பதிப்பில் பயனர் அடையாளங்களுக்கான நேம்ஸ்பேஸ் நிறைவடைந்தது. இந்தச் சுவர்களுக்குள் ஓடும் முதல் நிரல் தன் புராசஸ் எண்ணைக் கேட்டால் '1' என்று பதில் வரும். கணினியில் தான்தான் முதலில் எழுந்தவன் என்று அது நம்பிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் அதே புராசஸின் எண் 48,213 என்பதுபோல ஏதோ ஒன்றாக இருக்கும்.

சுவர் மட்டும் போதாது. ஒண்டுக்குடித்தனத்தில் மின்சாரத்துக்குச் சப்-மீட்டர் வேண்டும். அதைக் கொண்டுவந்தது கூகுள். 2003, 2004 வாக்கிலிருந்தே அந்நிறுவனம் தன் ஆயிரக்கணக்கான சர்வர்களை 'போர்க்' என்ற உள் அமைப்பால் நிர்வகித்துவந்தது. தேடலுக்கு நொடிக்குள் பதில் சொல்ல வேண்டிய நிரலும், இரவெல்லாம் கணக்குப் போடும் நிரலும் ஒரே கணினியில் ஓடும். கணக்குப் போடும் நிரல் நினைவகத்தை விழுங்கினால் தேடல் தடுமாறும். எந்த நிரல்கூட்டம் எவ்வளவு சிபியு, எவ்வளவு நினைவகம் பயன்படுத்தலாம் என்று கெர்னலே அளந்து கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. கூகுள் பொறியாளர்கள் பால் மெனேஜும் ரோஹித் சேத்தும் 2006-இல் இதற்கான வேலையைத் தொடங்கினார்கள். அவர்கள் வைத்த பெயர் 'புராசஸ் கன்டெய்னர்'. அந்தச் சொல் கெர்னல் ஆட்களிடையே வேறு பொருள்களிலும் புழங்கியதால் குழப்பம் வந்தது; 'கன்ட்ரோல் குரூப்' என்று மாற்றினார்கள், சுருக்கமாக சி-குரூப். 2008 ஜனவரியில் 2.6.24 பதிப்போடு அது லினக்ஸுக்குள் சேர்ந்தது.

சி-குரூப் தன் வேலையை இரக்கமில்லாமல் செய்யும். ஒதுக்கிய நினைவகத்தைத் தாண்டினால் கெர்னல் அந்தப் புராசஸைக் கொன்றுவிடும். பதிவேட்டில் 137 என்ற வெளியேற்ற எண் மட்டும் நிற்கும். பின்னாளில் ஜாவா நிரலர்கள் பலர் இந்த எண்ணை வெறித்துப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். பழைய ஜாவா, தான் ஒரு சின்ன அறைக்குள் இருப்பதை அறியாமல், கட்டடம் முழுவதையும் அளந்து பார்த்தது. 64 ஜிபி நினைவகம் உள்ள சர்வரில் தனக்கு 1 ஜிபி மட்டுமே அனுமதி என்பது தெரியாமல், கால் பங்காகிய 16 ஜிபி வரை வளரலாம் என்று முடிவு செய்துகொள்ளும். வளரும்போது அடி விழும். 2018-இல் ஜாவா 10 வந்தபோதுதான் அது சப்-மீட்டரைப் படிக்கக் கற்றுக்கொண்டது.

2008-இல் எல்எக்ஸ்சி என்ற கருவி நேம்ஸ்பேஸையும் சி-குரூப்பையும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்தது. இன்று கன்டெய்னர் என்று அறியப்படுவதற்கு வேண்டிய வேலிகளில் பெரும்பாலானவை தொழில்நுட்ப அளவில் அப்போதே இருந்தன. ஆனாலும் கெர்னல் அறிவு உள்ள சிலரைத் தாண்டி அது பரவவில்லை. சாமான் பிரச்சினை அப்படியே கிடந்தது. நிரலர் தன் கணினியில் ஓட்டிப் பார்த்த நிரல் சர்வரில் ஓடாது. "எங்க சிஸ்டத்துல ஓடுதே" என்ற வாசகம் ஒவ்வோர் அலுவலகத்திலும் தினமும் கேட்கும். சர்வர்களைப் பராமரிப்பவர் லைப்ரரியின் பதிப்பு எண்ணைச் சரிபார்த்தே இரவைக் கழிப்பார்.

2013 மார்ச் 15 அன்று அமெரிக்காவின் சாண்டா கிளாராவில் நடந்த பைகான் என்ற பைத்தான் நிரலர் மாநாட்டில், ஐந்தே நிமிடம் ஒதுக்கப்பட்ட மின்னல் உரையில் சாலமன் ஹைக்ஸ் என்பவர் ஒரு கருவியை ஓட்டிக் காட்டினார். அவர் நடத்திய டாட்கிளவுட் என்ற நிறுவனம், பிறருடைய நிரல்களைத் தன் சர்வர்களில் ஓட்டிக் கொடுக்கும் தொழில் செய்தது. அந்தத் தொழில் சுமாராகத்தான் போனது. உள்ளே தங்கள் வசதிக்காகச் செய்துவைத்திருந்த கருவியைத் திறந்த மூலமாக வெளியிட்டார்கள், அதுதான் டாக்கர். அதே ஆண்டு அக்டோபரில் நிறுவனத்தின் பெயரே டாக்கர் ஆகிவிட்டது. 2014 ஜூனில் 1.0 பதிப்பு வெளிவந்தது.

டாக்கர் புதிதாக எந்த வேலியும் போடவில்லை. தொடக்கத்தில் எல்எக்ஸ்சியின் மேல்தான் ஓடியது. அது கொண்டுவந்தது இமேஜ். ஒரு சின்ன உரைக்கோப்பில் வரி வரியாக எழுதினால் போதும்: இந்த அடிப்படை இயங்குதளத்தை எடு, இந்த லைப்ரரியை நிறுவு, இந்தக் கோப்பைக் காப்பி செய், இந்தக் கட்டளையை ஓட்டு. ஒவ்வொரு வரியும் செய்யும் மாற்றம் ஓர் அடுக்காக உறையும். அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று கண்ணாடித் தாள்கள்போலப் படிந்து ஒரே கோப்பு மரமாகத் தெரியும். ஒரே அடிப்படையில் பத்து இமேஜ் கட்டினால் அந்த அடிப்படை வட்டில் ஒரு முறைதான் இருக்கும். நிரலில் ஒரு வரி மாறினால் மாறிய அடுக்கும் அதற்கு மேலுள்ளவையும் மட்டுமே வலையில் பயணிக்கும். அதனால் வரிகளை எழுதும் வரிசைகூட ஒரு கைத்திறன் ஆனது: அடிக்கடி மாறாதது முதலில், தினமும் மாறுவது கடைசியில். கட்டிய இமேஜைப் பொதுக் கிடங்கில் ஏற்றினால், உலகின் எந்த மூலையில் இருப்பவரும் ஒரு கட்டளையில் இறக்கி ஓட்டலாம். சிஎச்ரூட் காலத்து ஒரு நாள் வேலை இப்படி ஒரு கோப்பாகச் சுருங்கியது.

துறைமுகப் பெயரும் இங்கேதான் முழுப் பொருளோடு பொருந்தியது. 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மக்லீனின் ஐடியல்-எக்ஸ் கப்பல் 58 பெட்டிகளோடு நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. அந்தப் பெட்டிகளின் பெருமை உலோகத்தில் இல்லை. கிரேனுக்கும் லாரிக்கும் ரயிலுக்கும் உள்ளே இருப்பது துணியா டயரா என்று தெரியவேண்டிய அவசியம் இல்லாமல் போனதில் இருந்தது. டாக்கர் இமேஜும் அப்படியே. உள்ளே பைத்தான் இருந்தாலும் ஜாவா இருந்தாலும் வெளியே தூக்கும் பிடி ஒன்றே.

இதற்கிடையே, கன்டெய்னருக்குத் தொடர்பில்லாத இன்னொரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. 2000-களின் தொடக்கத்தில் அமேசானின் கடை ஒரே பெரிய நிரலாக வளர்ந்து, யார் எதைத் தொட்டாலும் எங்கோ உடையும் நிலைக்கு வந்திருந்தது. அதைச் சிறு சிறு சேவைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு சிறு குழுவிடம் ஒப்படைத்தார்கள். 2006-இல் அதன் தொழில்நுட்பத் தலைவர் வெர்னர் வோகல்ஸ் அளித்த பேட்டியின்படி, முகப்புப் பக்கம் ஒன்றைக் காட்டவே நூற்றுக்கும் மேற்பட்ட சேவைகள் அழைக்கப்பட்டன; கட்டியவர்களே ஓட்டவும் வேண்டும் என்பது அங்கே விதி. நெட்ஃபிளிக்ஸுக்குப் பாடம் 2008 ஆகஸ்டில் வந்தது. தரவுத்தளம் கெட்டுப்போய், மூன்று நாட்கள் வாடிக்கையாளர்களுக்கு டிவிடி அனுப்ப முடியவில்லை. ஓரிடத்தில் உடைந்தால் எல்லாம் நிற்கும் அமைப்பை விட்டு விலக முடிவுசெய்து, சேவைகளைப் பிரித்து அமேசான் கிளவுடுக்கு மாற்றத் தொடங்கினார்கள். 2016 ஜனவரியில்தான் அந்த வேலை முடிந்தது. 2014 மார்ச்சில் ஜேம்ஸ் லூயிஸும் மார்ட்டின் ஃபவுலரும் எழுதிய கட்டுரை, இப்படிச் சிறு சேவைகளாகப் பிரிக்கும் முறைக்கான 'மைக்ரோசர்வீஸ்' என்ற பெயரை எல்லோர் வாயிலும் போட்டது.

நெட்ஃபிளிக்ஸ் முதலில் தன் சேவைகளை முழு விர்ச்சுவல் மெஷின்களில்தான் ஓட்டியது. மைக்ரோசர்வீஸுக்குக் கன்டெய்னர் கட்டாயம் என்பது பின்னால் வந்த நம்பிக்கை. ஆனால் பெரிய பொறியாளர் படை இல்லாத நிறுவனங்களுக்குச் சூழ்நிலை வேறு. நூறு சேவை என்றால் நூறு வகை நிறுவல், நூறு வகைப் பிழை. எல்லாவற்றுக்கும் ஒரே வகைப் பெட்டி கிடைத்த பிறகுதான் சிறு நிறுவனங்களும் பிரிக்கத் துணிந்தன. 2013-க்குப் பிறகு கன்டெய்னர், மைக்ரோசர்வீஸ் என்ற இரண்டு ஆறுகளும் ஒன்றாகக் கலந்தது இப்படித்தான்.

பெட்டிகள் பெருகியதும் அடுத்த கேள்வி எழுந்தது: ஆயிரம் பெட்டிகளை ஐம்பது சர்வர்களில் எங்கே வைப்பது, விழுந்தால் யார் தூக்கி நிறுத்துவது? கூகுளுக்கு இது பழைய கேள்வி. 2014 மே மாதம் அதன் பொறியாளர் ஜோ பீடா, தங்கள் நிறுவனத்தில் வாரத்துக்கு 200 கோடிக்கும் மேற்பட்ட கன்டெய்னர்கள் தொடங்கப்படுவதாக ஓர் உரையில் சொன்னார். வெளியுலகம் அப்போதுதான் டாக்கரைக் கையில் எடுத்துப் பழகிக்கொண்டிருந்தது. பீடா, பிரெண்டன் பர்ன்ஸ், கிரெய்க் மக்லக்கி ஆகியோர் போர்க்கில் கற்ற பாடங்களை வைத்துப் புதிதாக ஒன்றை எழுதினார்கள். 2014 ஜூனில் அறிவிக்கப்பட்ட அதன் பெயர் குபெர்னெட்டிஸ். கிரேக்கத்தில் சுக்கான் பிடிப்பவன் என்று பொருள், தமிழில் மீகாமன். 2015 ஜூலையில் 1.0 பதிப்பு வந்தபோது, அது கூகுளின் தனிச்சொத்தாக இல்லாமல், லினக்ஸ் அறக்கட்டளையின்கீழ் அமைந்த சிஎன்சிஎஃப் என்ற பொது அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது.

குபெர்னெட்டிஸுக்கு யாரும் 'இதைச் செய்' என்று கட்டளையிடுவதில்லை. 'இப்படி இருக்க வேண்டும்' என்று எழுதிக் கொடுக்கிறார்கள். ஒரு கட்டணச் சேவைக்கு மூன்று பிரதி வேண்டும் என்று எழுதியிருப்பதாகக் கொள்ளலாம். நள்ளிரவில் ஒரு சர்வரின் மின்சாரம் போகிறது. அந்தச் சர்வர் சில விநாடிக்கு ஒருமுறை அனுப்பும் 'உயிரோடு இருக்கிறேன்' செய்தி நின்றுவிடுகிறது. நீண்ட காலம் வழக்கிலிருந்த இயல்பான அமைப்பின்படி 40 விநாடி பொறுத்து அதன்மேல் 'தயாரில்லை' என்ற குறி விழும். அதற்குப் பின் 5 நிமிடம் திரும்பி வருகிறதா என்று காத்திருக்கும். வரவில்லை. இருக்க வேண்டியது மூன்று, இருப்பது இரண்டு. எண்ணிக்கை பார்க்கும் கட்டுப்பாட்டு நிரல் புதிய பிரதி ஒன்றைப் பதிவுசெய்யும். இடம் பார்க்கும் நிரல் நினைவகம் மிச்சமுள்ள சர்வர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். அந்தச் சர்வரில் இருக்கும் கூப்லெட் என்ற முகவர் இமேஜை இறக்கி ஓடவிடும். யாருடைய தொலைபேசியும் ஒலிக்காமல் மூன்று மீண்டும் மூன்றாகிவிடும். இந்த ஓயாத ஒப்பீடுதான் அதன் உயிர். மற்றதெல்லாம் அதன்மேல் கட்டியவை.

டாக்கரின் ஸ்வார்ம், பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்து ட்விட்டரில் வளர்ந்த மெசோஸ் ஆகியவை அதோடு போட்டியிட்டன. 2016 ஜூலையில் போக்கிமான் கோ விளையாட்டு ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வெளியானபோது குபெர்னெட்டிஸ் பெரிய சோதனையைச் சந்தித்தது. கூகுள் கிளவுடில் அதன்மேல் ஓடிய அந்த விளையாட்டுக்கு 15 நிமிடங்களுக்குள் எதிர்பார்ப்பை மீறிய கூட்டம் வந்தது. கடைசியில் இலக்கு வைத்த அளவைப்போல 50 மடங்கு. லட்சக்கணக்கானோர் விளையாடிக்கொண்டிருக்கும்போதே கிளஸ்டர் எனப்படும் அந்தச் சர்வர் கூட்டத்தின் குபெர்னெட்டிஸ் பதிப்பை மாற்றி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கணினிகளைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். 2017 அக்டோபரில் டாக்கர் நிறுவனமே தன் தயாரிப்பில் குபெர்னெட்டிஸைச் சேர்ப்பதாக அறிவித்ததும் போட்டி முடிந்தது.

விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரே நிரலுக்குள் ஒரு செயல்கூறு இன்னொன்றை அழைப்பது தவறுவதில்லை. சேவைகளாகப் பிரித்தபின் ஒவ்வோர் அழைப்பும் வலையைக் கடக்கிறது, தாமதமாகிறது, சிலசமயம் தொலைகிறது. ஒரு வாடிக்கையாளரின் கோரிக்கை முப்பது சேவைகளைச் சுற்றி வரும்போது எங்கே சுணங்கியது என்று கண்டுபிடிக்கவே தனிக் கருவிகள் வேண்டியிருந்தன. சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் 2012-இல் பிறந்த பிரோமிதியஸும், லிஃப்ட் நிறுவனத்தின் என்வாயும் இந்தத் தேவையிலிருந்து வந்தவை. செக்மென்ட் என்ற நிறுவனம் நூற்றுக்கும் மேல் பிரித்த சேவைகளை மறுபடி ஒன்றாக்கியதை 2018-இல் தானே எழுதியது. பிரிப்பது நிரலைப் பொறுத்ததல்ல, குழுவின் அளவைப் பொறுத்தது என்பதை அப்போது பல நிறுவனங்கள் உணர்ந்திருந்தன. ஐந்து பேர் வேலை செய்யும் இடத்தில் ஐம்பது சேவைகள் சுமைதான்.

ஒண்டுக்குடித்தனத்தின் பழைய பலவீனமும் மறையவில்லை. 2019 பிப்ரவரியில், பெரும்பாலான கன்டெய்னர்களைத் தொடங்கிவைக்கும் ரன்சி என்ற அடிப்படை நிரலிலேயே ஓட்டை இருப்பது தெரியவந்தது. உள்ளே இருக்கும் தீய நிரல் அதைத் திருத்தி எழுதிச் சர்வர் முழுவதற்கும் ரூட் ஆகிவிடலாம். அடுத்தவர் நிரலை ஓட்டிக் கொடுக்கும் நிறுவனங்கள் கெர்னலைப் பங்கிடுவதில் இருக்கும் இந்த ஆபத்தை முன்பே எடைபோட்டிருந்தன. கூகுள் ஜிவைசர் என்ற கூடுதல் தடுப்பையும், அமேசான் ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் எழும் குட்டி விர்ச்சுவல் மெஷினாகிய ஃபயர்கிராக்கரையும் 2018-இலேயே வெளியிட்டிருந்தன. தனி வீடு சின்னதாகி மீண்டும் வந்தது.

2019 நவம்பரில் டாக்கர் நிறுவனம் தன் பெருநிறுவன வணிகத்தை மிராண்டிஸுக்கு விற்றது. 2022 மே மாதம் வந்த குபெர்னெட்டிஸ் 1.24 பதிப்பு, டாக்கரோடு நேரடியாகப் பேசும் பகுதியை நீக்கியது. கன்டெய்னர்டி போன்ற எளிய கருவிகள் அந்த இடத்துக்கு வந்தன. அந்த நீக்கம் பற்றிய அறிவிப்பு முதலில் வந்த 2020 டிசம்பரில், தங்கள் இமேஜ்கள் எல்லாம் வீணாகிவிடுமோ என்று பலர் பதறினார்கள். ஒன்றும் ஆகவில்லை. 2015 ஜூனில் டாக்கரும் அதன் போட்டியாளர்களும் சேர்ந்து தொடங்கிய ஓசிஐ என்ற பொது அமைப்பு இமேஜின் வடிவத்தைத் தரப்படுத்தி வைத்திருந்தது. டாக்கரில் கட்டிய இமேஜ்களைக் கன்டெய்னர்டி அப்படியே இறக்கி ஓட்டியது.